முந்தைய வாசிப்பு

கரடிப்போக்கில் டயர்க் கடைக்குப் பின்னால்
கேதீசனின் பூல் மேசை.
ஒரு ஆட்டம் நூறு ரூபாய், தோற்றவர் கணக்கு.
மூன்று வருடமாக வெள்ளிக்கிழமைகளில்
நான்தான் அந்தக் கணக்கு.

பகலில் மீற்றர் வாசிக்கிறவன் நான்.
உருத்திரபுரம், வட்டக்கச்சி, நாய் அவிழ்த்துவிட்ட வளவுகள்.
முந்தைய வாசிப்பு, தற்போதைய வாசிப்பு,
கழித்தால் பாவித்த அலகு.
எந்த வீட்டிலும் இலக்கம் பின்னுக்குப் போய்
நான் கண்டதில்லை.
அந்தப் பழக்கத்தில்தான்
பழைய கொப்பி ஒன்றின் கடைசிப் பக்கங்களில்
என்னையும் எழுதத் தொடங்கினேன்.

முதல் வருடம், ஆவணி:
தொடர்ந்து விழுத்திய பந்து ஆகக் கூடியது இரண்டு.
வெள்ளையையே குழிக்குள் போட்டது பதினொரு தரம்.
துணியைக் கிழித்தது ஒரு தரம்.
கேதீசன் இன்றைக்கும் அந்தக் கிழிசலை
என் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறான்.

இரண்டாம் வருட மாரி: நாலு.
கோலின் நுனிக்குச் சோக்குத் தேய்க்கையில்
முகத்தை எப்படி வைத்திருப்பது என்பதும்
பிடிபட்டது.

மூன்றாம் வருடம், தை கழிய,
ஐந்து, ஆறு, ஒருநாள் ஏழு.
இன்பன் கோலைச் சுவரில் சாத்திவிட்டு
"என்னடாப்பா, ஆரிட்டப் பழகினனீ?" என்றான்.
ஒன்றும் சொல்லவில்லை.
அன்றிரவு மோட்டார் சைக்கிளைத்
தேவைக்கு மேல் மெதுவாக ஓட்டிக்கொண்டு போனேன்.

சித்திரையில் பயிற்சி வகுப்பென்று
வவுனியாவுக்கு அனுப்பினார்கள்.
விடுதிக்குக் கீழே ஏசி போட்ட அறை, புது மேசை,
துணியில் ஒரு வடுவும் இல்லை.
எதிரே நுஸ்கி என்றொரு ஓட்டோக்காரப் பெடியன்,
செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஆடினான்.
வலது மூலைக்கு நான் அனுப்பியதெல்லாம்
குழிக்கு இரண்டு விரல் இந்தப் பக்கம்
விறைத்துப்போய் நின்றது.
மெல்ல விட்டால் வளையும் என்று நான் நம்பிய பந்து
நேரே போய்க் கரையில் முட்டி
என்னிடமே திரும்பிவந்தது.
ஆறு ஆட்டம்.
ஆகக் கூடியது இரண்டு.

ஊர் திரும்பி, ஒருவரும் வராத பின்னேரம்
மேசை நடுவில் ஒரு பந்தை வைத்துக்
கையை எடுத்தேன்.
அது கொஞ்சம் யோசித்தது.
பிறகு வலது மூலைக்குப் போனது,
பட்டி தெரிந்த மாடு மாதிரி.

"அந்த மூலை மூடின பங்கரடா,"
கேதீசன் காசு எண்ணுவதை நிறுத்தாமல் சொன்னான்.
"கல்லுக் கொட்டித்தான் சீமெந்து போட்டது.
ஒவ்வொரு மாரிக்கும் கொஞ்சம் கொஞ்சமா இறங்குது."

கொப்பியைப் புரட்டினேன்.
எத்தனை பந்து என்று எழுதியிருந்தது.
எந்தக் குழி என்று
ஒரு இடத்திலும் இல்லை.
இரண்டு, நாலு, ஏழு:
நான் ஏறினேன் என்று குறித்துவைத்தது
அந்த நிலம் இறங்கின கணக்கு.
அதற்குள் யார் யார் குந்தியிருந்தார்களோ,
மேலே நின்று நான்
சோக்குத் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஞாயிறு காலை
மேசன் அருமைநாயகத்திடம் மட்டப்பலகை இரவல் வாங்கி
மேசைக் காலுக்கு இரண்டு மாபிள் துண்டு கொடுத்தோம்.
நடுவில் வைத்த பந்து
வைத்த இடத்தில் நின்றது.
கேதீசனுக்கு அது பிடிக்கவில்லை.
வெள்ளிக்கிழமை ஒருவருக்கும் பிடிக்கவில்லை.
இன்பன் பந்தைத் தூக்கிப் பார்த்தான்,
கோலை மாற்றிப் பார்த்தான்,
லைற்றைப் பேசினான்.

ஒரு வீட்டில் மீற்றர் மாற்றினால்
பழைய இலக்கத்தை நாங்கள் அழிப்பதில்லை.
கீழே ஒரு கோடு, பிறகு புதுசாய் ஒரு வரி.
இரவு கொப்பியை எடுத்து அப்படியே எழுதினேன்:

மீற்றர் மாற்றப்பட்டது.
ஆரம்ப வாசிப்பு மூன்று.
அதில் ஒன்று தற்செயலாய் விழுந்தது,
இடது மூலை.